270 வெள்ளி எங்கே போனது? கணக்குத் துறைக்கு வருகிறவர்களின் கேள்விகள்

தேர்வு முடிவுகள் வந்த கையோடு கேள்விகளும் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஐந்தாக்கியிருக்கிறேன்.

பாலிடெக்னிக்கில் கணக்கியல் டிப்ளோமா கடைசி ஆண்டில் இருக்கிறேன். அடுத்து பல்கலைக்கழகமா, நேராக ஏசிசிஏ என்ற கணக்காளர் தகுதித் தேர்வா? அப்பா ஒன்று சொல்கிறார், அண்ணன் ஒன்று சொல்கிறார். (மாணவி, ஈசூன்)

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும். என்டியு, எஸ்எம்யு, என்யுஎஸ், எஸ்ஐடி, எஸ்யுஎஸ்எஸ் எல்லாவற்றிலும் கணக்கியல் பட்டம் உண்டு. இடம் கிடைத்து, வீட்டில் பணமும் நெருக்கடி இல்லையென்றால் போய்ப் படியுங்கள். பட்டத்துக்குப் பிறகு சிங்கப்பூர் பட்டயக் கணக்காளர் (சிஏ) தகுதித் தேர்வுகள் எழுதலாம்.

ஏசிசிஏ என்றால் மொத்தம் 13 தாள்கள். டிப்ளோமாவுக்குச் சில தாள்களில் விலக்கு கிடைக்கும். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என ஆண்டுக்கு நான்கு தடவை தேர்வு. 50 மதிப்பெண் எடுத்தால் பாஸ். வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம் என்பதுதான் இதன் வசதி. வம்பும் அங்கேதான். வேலை, கல்யாணம், பிள்ளை என்று ஏதாவது குறுக்கே வர, பாதித் தாளோடு நின்றுபோனவர்கள் எனக்கே நிறையப் பேரைத் தெரியும். கடைசிக் கட்டத்தின் முதல் தாளில் பாஸானதிலிருந்து 7 ஆண்டுக்குள் அந்தக் கட்டத்தை முடித்தாக வேண்டும் என்று கெடுவும் உண்டு. இந்த வழியில் போனால் அடுத்தடுத்து இரண்டு தேர்வுக் காலங்களைத் தவறவிடாதீர்கள்.

எந்த வழியானாலும் மூன்று ஆண்டு வேலை அனுபவம் இல்லாமல் கணக்காளர் தகுதி கைக்கு வராது. அதை அண்ணனிடமும் சொல்லுங்கள்.

பிக் ஃபோர் எனப்படும் நான்கு பெரிய தணிக்கை நிறுவனங்களில் ஒன்றிலும், எட்டுப் பேர் வேலை செய்யும் சிறிய அலுவலகத்திலும் வேலை கிடைத்திருக்கிறது. பெரிய பெயரை விடலாமா? (பட்டதாரி, உட்லண்ட்ஸ்)

என் முதல் டிசம்பர் 31 இன்னும் நினைவில் இருக்கிறது. பாண்டான் லூப் பக்கம் ஒரு குளிர்கிடங்கில் தணிக்கைக்காகச் சரக்கு எண்ணும் வேலை. வெளியே வேர்த்துக் கொட்டியது, உள்ளே மைனஸ் 18 டிகிரி. பேனாவில் மை உறைந்து எழுத மறுத்தது. கூட வந்த சீனியர் அக்கா பையிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினார். பட்டியலில் உள்ள பெட்டிகள் தரையில் இருக்கின்றனவா என்று பார்த்து டிக் போட்டுக்கொண்டே வந்தேன். "சரி, இப்போ தரையிலிருந்து பட்டியலுக்கு வா" என்றார். முதல் சுற்றில் பிடிபடுவது இல்லாத சரக்கை இருப்பதாகக் காட்டுவது. இரண்டாவதில் பிடிபடுவது இருக்கும் சரக்கு கணக்கில் ஏறாமல் விட்டுப்போனது. வகுப்பில் படித்ததுதான். ஆனால் விரல் மரத்துப்போன பிறகுதான் புரிந்தது.

இப்படிச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கும் இடமே நல்ல இடம். பெரிய நிறுவனத்தில் பயிற்சி முறையாக நடக்கும், பெயரும் நிற்கும். ஆனால் ஒரு பெரிய கம்பெனியின் வங்கி இருப்பையும் வரவேண்டிய பாக்கியையும் மட்டுமே வருஷக்கணக்கில் பார்க்க நேரலாம். பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனங்கள் நிதியாண்டு முடிந்து நான்கு மாதத்துக்குள் பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும். அதனால் ஜனவரி முதல் மார்ச் வரை பொங்கலும் சீனப் புத்தாண்டும் லேப்டாப்போடுதான்.

சிறிய அலுவலகத்தில் ரசீதிலிருந்து ஆண்டறிக்கை வரை, சம்பளம், சிபிஎஃப் (மத்திய சேமநிதி), பொருள் சேவை வரிப் படிவம் உட்பட எல்லாம் உங்கள் கை வழியே போகும். ஒன்றை மட்டும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்: தணிக்கை வேலை எவ்வளவு? ஆண்டு வருமானம் 1 கோடி வெள்ளி, சொத்து 1 கோடி வெள்ளி, ஊழியர் 50 பேர் என்ற மூன்று வரம்புகளில் இரண்டை, தொடர்ந்து இரண்டு ஆண்டு தாண்டாத தனியார் நிறுவனத்துக்குத் தணிக்கை கட்டாயமில்லை. அதனால் பல சின்ன அலுவலகங்களில் கணக்கு எழுதுவதும் வரியும்தான் முக்கால்வாசி. தணிக்கையாளராக வேண்டும் என்பவருக்கு அது போதாது. உங்கள் கடிதத்தில் தணிக்கை என்ற சொல் நான்கு இடத்தில் வருகிறது. பெரியதற்கே போங்கள்.

எல்லாவற்றையும் ஏஐ செய்யும் காலத்தில் மகனை இந்தத் துறையில் சேர்க்கலாமா? (தாயார், தெம்பனிஸ்)

வேலைக்குச் சேர்ந்த புதிதில் வங்கிக் கணக்கை ஒப்பிட்டபோது 270 வெள்ளி இடித்தது. மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டுத் தேடினேன். அதே அக்கா, "9ஆல் வகுபடுதா பாரு தம்பி" என்றார். வகுபட்டது. இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9இன் மடங்காகத்தான் இருக்கும். 630ஐ 360 என்று தட்டியிருந்தேன்.

இந்த வேலையை இன்று மென்பொருள் நொடியில் முடிக்கிறது. போகட்டும், அது போனதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் பிறகு ஒரு வாடிக்கையாளரிடம், 1045 என்றும் 1045-ஏ என்றும் எண் போட்டு, ஒரே சரக்குக்கு இரண்டு இன்வாய்ஸ் வந்திருந்தன. மென்பொருள் இரண்டையும் ஏற்றுப் பணமும் போய்விட்டது. சரக்கோடு வரும் டெலிவரி ஆர்டரை (டிஓ) கொண்டுவரச் சொன்னபோதுதான் சரக்கு ஒரே தடவை வந்தது தெரிந்தது. உங்கள் மகன் 'இந்தத் தொகை எங்கிருந்து வந்தது?' என்று கேட்டு நச்சரிக்கிற பிள்ளையா? அப்படியானால் தாராளமாகச் சேருங்கள். எண்களைத் தட்டுவது மட்டும் பிடிக்கும் என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறேன். ஜனவரி 3 அன்று போன சரக்குக்கு டிசம்பர் தேதி போட்டு இன்வாய்ஸ் அடிக்கச் சொல்கிறார் மேலாளர். (பெயர் வேண்டாம்)

அடிக்காதீர்கள். இந்த ஆண்டு விற்பனையைப் போன ஆண்டில் காட்டும் பழைய வித்தை இது. தணிக்கையாளர்கள் ஆண்டுக் கடைசியை ஒட்டிய இன்வாய்ஸ்களைத்தான் முதலில் உருவுவார்கள். ஏமாற்றும் நோக்கில் கணக்கைத் திருத்துவது தண்டனைச் சட்டத்தின் 477ஏ பிரிவில் வரும் குற்றம். 10 ஆண்டுவரை சிறை உண்டு.

மேலாளரிடம் நீதி பேச வேண்டாம். "டிஓவுல 3ஆம் தேதி இருக்கு பாஸ், ஆடிட்டர் கேட்டா எதைக் காட்டுறது?" என்று கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே பின்வாங்கிவிடுவார்கள். மறுபடி வற்புறுத்தினால் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள், அன்றைக்கே உங்கள் விரிவுரையாளரிடமும் சொல்லிவிடுங்கள்.

சிராங்கூன் ரோட்டில் மாமாவின் மளிகைக்கடைக் கணக்கை எழுதிக் கொடுக்கிறேன். இது அனுபவமாகச் சேருமா? (தேசிய சேவை முடித்தவர், பொங்கோல்)

ஏசிசிஏ அனுபவத்தில் சேர வேண்டும் என்றால் தகுதி பெற்ற கணக்காளர் ஒருவர் மேற்பார்த்துக் கையெழுத்திட வேண்டும். மாமாவின் கையெழுத்து செல்லாது. ஆனாலும் எழுதுங்கள். முதல் நேர்காணலில் பேச உங்களுக்கு ஒரு விஷயம் இருக்கும்.

ரசீதுகள் பிஸ்கட் டின்னில் கிடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆவணங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். வெப்பத்தாள் ரசீது அதற்குள் வெளுத்துவிடும். இந்தச் சனிக்கிழமை டின்னைக் கவிழ்த்து மாதவாரியாகப் பிரியுங்கள், மங்கத் தொடங்கியதைப் படமெடுத்து வையுங்கள். அப்புறம் 12 மாத விற்பனையைக் கூட்டிப் பாருங்கள். 10 லட்சம் வெள்ளியை நெருங்குகிறது என்றால், பொருள் சேவை வரிக்குப் பதிவது பற்றி மாமாவிடம் அன்றைக்கே பேசிவிடுங்கள்.