பிபிஎம் மென்பொருள் தேர்வு: செட்டிநாட்டு வணிகர்களுக்குக் கேள்வி பதில்

நிறுவனத்துக்குள் ஒரு வேலை ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போவதை வரிசைப்படுத்தி, இப்போது அது யாரிடம் நிற்கிறது, எத்தனை நாளாக நிற்கிறது என்று காட்டுவதுதான் பிபிஎம் எனப்படும் வணிகச் செயல்முறை மென்பொருள். அதைத் தேர்ந்தெடுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வரிக்கும் வங்கிக் கடனுக்கும் உங்கள் ஆடிட்டர் இருக்கிறார்.

கேள்வி: பலகாரம் செய்து வெளியூர்களுக்கு அனுப்புகிறோம். முப்பது பேர் வேலை செய்கிறார்கள். ஆர்டர்கள் தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் வருகின்றன. எந்த மென்பொருள் வாங்கலாம்? (பெண் தொழில்முனைவோர், காரைக்குடி)

ஆச்சி, பெயர் சொல்வதற்கு முன் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அண்மையில் முடிந்த ஒரு கல்யாணச் சீர் ஆர்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மணகோலம் எவ்வளவு, அதிரசம் எவ்வளவு, சீப்புச் சீடை எவ்வளவு என்று யார் குறித்தார்? முன்பணம் வந்ததை அடுப்படிக்கு யார் சொன்னார்? மாவு எப்போது இடிக்க வேண்டும் என்று யார் முடிவு செய்தார்? பெட்டி கட்டியவருக்கு விலாசம் எப்படிக் கிடைத்தது? ஒவ்வொரு கைமாற்றத்தையும் ஒரு பெரிய தாளில் கட்டமும் அம்புக்குறியுமாக வரையுங்கள்.

பிறகு வழக்கத்திலிருந்து மாறிப்போன ஆர்டர்களை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். கல்யாணத் தேதி மாறியது, பாதி வேலையில் இனிப்பைக் குறைத்துக் காரத்தைக் கூட்டச் சொன்னார்கள், முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். இவற்றையும் அதே தாளில் கிளைகளாகப் போடுங்கள். மென்பொருள் உங்களுக்குப் பொருந்துமா என்பதை இந்தக் கிளைகள்தாம் தீர்மானிக்கும். நேராகப் போகும் வழியை எந்த மென்பொருளும் செய்துவிடும்.

உங்கள் தொழிலில் இன்னொன்றும் வேண்டும். எந்த நாள் எந்தச் சட்டியில் சுட்ட அதிரசம் எந்தப் பெட்டியில் போனது என்று பின்னோக்கிப் பார்க்க முடிய வேண்டும். பொட்டலத்தில் தொகுதி எண்ணும் தேதியும் அச்சிட்டால் போதாது. புகார் வந்தால் அந்தத் தொகுதி போன எல்லா விலாசங்களும் உடனே கையில் கிடைக்க வேண்டும்.

இந்த அளவுள்ள நிறுவனத்துக்குப் படிவங்களை நாமே அமைத்துக்கொள்ளும் எளிய வகை போதும். ஸோஹோ கிரியேட்டர் அப்படிப்பட்டது. பராமரிக்க ஒரு ஆள் உள்ளூரில் கிடைத்தால், திறந்த மூல மென்பொருளான (நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தி மாற்றிக்கொள்ளக்கூடிய) இஆர்பிநெக்ஸ்டையும் பாருங்கள்; ஒரு ஆவணம் எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த நிலைக்கு அதை யார் நகர்த்தலாம் என்று அதிலேயே வரையறுக்கலாம். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பிலேயே பேசட்டும். வீட்டுக்குள் வந்ததும் ஆர்டர் ஒரே இடத்தில் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

எதை வாங்கினாலும், பணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி: நாளை நான் விலகினால் என் தரவு முழுவதும் எந்த வடிவில், எத்தனை நாளில் என் கைக்கு வரும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: எங்களிடம் டாலி கணக்கு மென்பொருள் இருக்கிறது. அதற்கு மேல் இது எதற்கு? (மொத்த வணிகர், தேவகோட்டை)

நியாயமான கேள்வி. டாலி நடந்ததைப் பதிகிறது. சிமெண்டுக்கான கொள்முதல் ஆர்டரை அதில் போடலாம். ஆனால் அந்த ஆர்டர் பிறப்பதற்கு முன் ஒருவர் சிமெண்டு கேட்டார், ஒருவர் மூன்று இடங்களில் விலை விசாரித்தார், ஒருவர் சரி என்றார். இந்த மூன்றும் பெரும்பாலும் வாய்ப்பேச்சிலும் கைபேசியிலும் முடிந்துவிடுகின்றன. தாமதமும் தகராறும் அங்கேதான் தொடங்குகின்றன.

ஆகவே இரண்டுக்கும் வேலை வேறு. பிபிஎம் மென்பொருளுக்குள் இன்னொரு கணக்குப் புத்தகத்தைத் திறக்காதீர்கள். கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான நிறுவனமாக இருந்தால், கணக்கு மென்பொருளில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் அழிக்க முடியாதபடி பதிவாக வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் விதி. கணக்கு டாலியிலேயே இருக்கட்டும். ஒப்புதல் முடிந்த பின் விவரம் டாலிக்குப் போய்ச் சேர வேண்டும். மென்பொருள்கள் தமக்குள் தரவு பரிமாறும் எக்ஸ்எம்எல் என்ற வடிவத்தில் டாலி தரவை வாங்கும், கொடுக்கும். விற்பனையாளர் அதை உங்கள் கண்முன் செய்து காட்டட்டும், வாய்ச்சொல் போதாது.

கேள்வி: ஆத்தங்குடிக் கல் செய்கிறோம். வேலை எல்லாம் கைவேலை. எங்களுக்கு இது பொருந்துமா? (ஆத்தங்குடி)

கண்ணாடிமேல் வண்ணக் கலவை ஊற்றும் கைக்கு எந்த மென்பொருளும் வேண்டாம். ஆனால் ஆர்டருக்கும் அனுப்புதலுக்கும் இடையில் தண்ணீரில் ஊறும் நாள்களும் காயும் நாள்களும் இருக்கின்றன. அவற்றைக் குறைக்க முடியாது. வாடிக்கையாளர் வண்ணத்தை மாற்றினால், வேலை தொடங்கிவிட்டதா இல்லையா என்பதைப் பொறுத்துப் பணக்கணக்கே மாறும். எனவே மாதிரிக் கல்லின் படத்தோடு வாடிக்கையாளரின் ஒப்புதல் தேதி பதிவாகும் ஒரே ஒரு செயல்முறையை மட்டும் தொடங்குங்கள். அதற்கு இலவசப் படிவமும் ஒரு விரிதாளும் போதும். இப்போதைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

கேள்வி: குடும்ப நிறுவனம், நாற்பது பேர். ஆண்டில் பாதி நாள் நான் கோலாலம்பூரில் இருக்கிறேன். எல்லா ஒப்புதலும் என் கைபேசிக்கே வரவேண்டும். எது நல்லது? (பள்ளத்தூர்)

எல்லா மென்பொருள்களும் இதைச் செய்யும். ஆனால் நீங்கள் செய்யக் கூடாது என்பது என் கருத்து. ஐந்நூறு ரூபாய் பழுதுபார்ப்புக்கும் ஐந்து லட்ச ரூபாய் கொள்முதலுக்கும் ஒரே கைபேசி என்றால், நீங்கள் விமானத்தில் இருக்கும் நேரமெல்லாம் நிறுவனம் நிற்கும். சில மாதங்களில் நீங்கள் படிக்காமலே பொத்தானை அழுத்தத் தொடங்குவீர்கள். பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கும், பரிசோதனை இருக்காது. தொகைவாரியாக வரம்பு வையுங்கள். ஒப்புதல் தருபவர் இல்லாத நாளில் யார் தருவார் என்பதையும் மென்பொருளில் எழுதி வையுங்கள்.

கேள்வி: இதைப் படித்து எழுதுகிறேன். அந்தக் காலத்தில் செட்டியார் வட்டிக்கடையை நடத்தப் பர்மாவுக்குப் போன ஏஜெண்டு ஒவ்வொரு கடனுக்கும் ஊருக்குக் கடிதம் எழுதியா கேட்டார்? மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று கடையில் படிப்படியாக ஆளும், அவரவர் அதிகாரத்துக்கு அளவும் இருந்தன. பேரேடே போதுமே! (ஓய்வுபெற்ற கணக்கர், தேவகோட்டை)

ஐயா, நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். முதலாளி தன் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரத்தை (பவர்) எழுதிக் கொடுத்து, ஏஜெண்டை மூன்றாண்டு தவணைக்கு அனுப்பினார். சம்பளம் பேசியிருந்தது, லாபத்தில் பங்கும் இருந்தது. எந்த விவசாயிக்கு எவ்வளவு என்பதை ஏஜெண்டு அங்கேயே முடிவு செய்தார். கணக்கு ஊருக்கு வந்தது. தவணை முடிந்ததும் ஐந்தொகை, அதாவது வரவு செலவு இருப்பின் மொத்தக் கணக்கு, பார்த்தார்கள். முடிவெடுக்கும் உரிமையைக் கீழே கொடுத்துவிட்டு, கணக்குக் கேட்கும் உரிமையை மேலே வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. பள்ளத்தூர் நண்பருக்கு நான் சொல்வதும் அதுதான்.

பேரேடு போதும் என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. நடந்ததைப் பேரேடு காட்டும்; நடக்காமல் நிற்பதைக் காட்டாது.

கேள்வி: கணக்கர் ஐயா பாதியைத்தான் சொல்கிறார். அந்த ஏற்பாடு உறவையும் சாதிக் கட்டுப்பாட்டையும் நம்பி நடந்தது. அதன் முடிவு என்ன? கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம் 1938இல் 25 விழுக்காடு ஆனது. விரும்பி வாங்கிய நிலமா அது? திரும்பாத கடனுக்கு வந்த நிலம். ஏஜெண்டுகளை விட்டுப்பிடித்ததன் விளைவு இது. (வரலாற்று ஆசிரியர், காரைக்குடி)

எண்கள் சரி. காரணத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. 1930இல் நெல் விலை உலகெங்கும் விழுந்தது. ஒவ்வொரு கடன் முறியிலும் முதலாளியே கையெழுத்திட்டிருந்தாலும் அந்த விலை நின்றிருக்காது.

ஆனாலும் உங்கள் கேள்வியில் எனக்குப் பயன்படும் ஒன்று இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் பெரும்பாலான கடன்களுக்கு நிலம் அடமானமாக இருந்தது. ஆனால் வட்டிக்கடைகள் பெரும்பாலும் ஒரே பயிரை, ஒரே வகை நிலத்தை நம்பியிருந்தன. தனி ஒப்புதலில் அது தெரியாது, கூட்டுத்தொகையில்தான் தெரியும். பள்ளத்தூர் நண்பர் மேலாளருக்கு ஒரு பில்லுக்கு 25,000 ரூபாய் வரம்பு வைக்கிறார் என்று கொள்வோம். மேலாளர் ஒரே கடையில் மாதம் இருபது பில் போட்டால் 5,00,000 ரூபாய். ஒவ்வொன்றும் வரம்புக்குள், மொத்தம் யார் கண்ணிலும் படவில்லை. அதனால் ஒற்றை வரம்போடு மாத மொத்த வரம்பும், ஒரு விற்பனையாளருக்கான மொத்த வரம்பும் மென்பொருளில் வைக்க முடிகிறதா என்று கேளுங்கள். பல எளிய மென்பொருள்கள் ஒரு படிவத்தில் உள்ள தொகையை மட்டும் பார்க்கும். முன்னால் வந்த படிவங்களைக் கூட்டிப் பார்க்க வைப்பதற்குத் தனியாக எழுத வேண்டியிருக்கும். வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

கேள்வி: பள்ளத்தூர்க்காரன் மீண்டும். ஏஜெண்டு தவறு செய்தால் மூன்று ஆண்டு கழித்தா தெரிந்துகொள்வது? எனக்கு மனம் ஒப்பவில்லை.

மூன்று ஆண்டு வேண்டாம். உங்களுக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தெரியும். வரம்புக்குள் நடந்தவை ஒரே பட்டியலாக வரட்டும். பார்த்துவிட்டு வேண்டியதைக் கேளுங்கள். வரம்பைத் தாண்டியவை மட்டும் முன்கூட்டியே உங்களிடம் வரட்டும். ஒரு காலாண்டு இப்படி நடத்துங்கள். நம்பிக்கை குறைந்தால் வரம்பைக் குறைப்பது ஒரு நிமிட வேலை.

கணக்கரும் ஆசிரியரும் மேலும் எழுதியிருக்கிறீர்கள். இருவரின் கடிதங்களையும் விருப்பத்தோடு படித்தேன். செட்டியார் கடைகள் இருந்த ரங்கூன் மொகல் தெருவைப் பற்றித் தனியே பேசுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: டாலி இருந்தால் போதாதா? (மூன்று பேர்)

தேவகோட்டை மொத்த வணிகருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பிபிஎம் மென்பொருளான கமுண்டா 7 இலவசம் என்று அதில் ஒரு செயலி கட்டிவருகிறேன். தொடரலாமா? (மென்பொருள் உருவாக்குநர், காரைக்குடி)

புதிதாகத் தொடங்குவதென்றால் வேண்டாம். கமுண்டா 7இன் இலவசச் சமூகப் பதிப்பு 2025 அக்டோபரில் வந்த 7.24உடன் முடிந்தது. கமுண்டா 8ஐ உண்மையான பயன்பாட்டில் வைக்க, 2024 அக்டோபரில் வந்த 8.6 முதல் உரிமக் கட்டணம் தேவை. 2010இல் தொடங்கிய ஆக்டிவிட்டி என்ற திறந்த மூல மென்பொருளிலிருந்து 2013இல் கமுண்டாவும் 2016இல் ஃப்ளோவபிளும் பிரிந்தன. ஃப்ளோவபிள் இன்னும் திறந்த மூலமாகக் கிடைக்கிறது; உங்களுக்கு அது பழக்கமான தோற்றத்திலேயே இருக்கும்.

இவை மூன்றும் பிபிஎம்என் 2.0 என்ற, செயல்முறையை வரைபடமாக எழுதும் பொதுக் குறியீட்டைப் படிக்கும். அது 2011இல் வந்தது, 2013இல் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரமும் ஆனது. அதனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எளிதாக மாறலாம் என்று விற்பவர்கள் சொல்வார்கள். வரைபடம் மாறும். படிவங்கள், நிரல்கள், வேறு மென்பொருளோடு போட்ட இணைப்புகள், பாதியில் நிற்கும் வேலைகள் ஆகியவை தாமாக மாறாது. விலகும் வழியை வாங்கும் முன்பே கேட்கச் சொன்னது இதனால்தான்.

கேள்வி: ஆளுக்கு மாதக் கட்டணம் என்கிறார்கள். எப்படிக் கணக்கிடுவது? (ஜவுளி, காரைக்குடி)

ஆளுக்கு மாதம் 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 40 பேருக்கு ஆண்டுக்கு 2,40,000 ரூபாய். 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தால் 2,83,200. இதில் தினமும் திரையைத் திறப்பவர்கள் எத்தனை பேர்? மாதம் ஒருமுறை ‘சரி’ சொல்பவருக்கும், கண்டாங்கி நெய்து கொடுத்துவிட்டு நிலவரம் கேட்கும் நெசவாளருக்கும் முழுக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் அத்தகையவர்களுக்குக் குறைந்த கட்டணம் வைத்திருக்கின்றன. நிறுவும் செலவு, பயிற்சி, டாலி இணைப்பு ஆகியவற்றைத் தனித்தனி வரிகளாக எழுதி வாங்குங்கள். தரவை வெளியே எடுத்துத் தரக் கட்டணம் உண்டா என்பதும் அதில் ஒரு வரி.

கேள்வி: விற்பனையாளர் நாளை செய்து காட்ட வருகிறார். என்ன கேட்க வேண்டும்? (தேவகோட்டை)

அவர் பெரும்பாலும் விடுப்பு விண்ணப்பத்தைக் காட்டுவார். எல்லாரும் அதையே காட்டுகிறார்கள், அது அழகாக ஓடும். காரைக்குடி ஆச்சிக்குச் சொன்னதுபோல் நீங்களும் ஒரு தாள் வரைந்து, அதில் உள்ள மிகச் சிக்கலான மூன்று ஆர்டர்களைக் கொடுத்து, உங்கள் முன் உட்கார்ந்து அமைக்கச் சொல்லுங்கள். ஒப்புதல் தருபவர் ஊரில் இல்லாத நாள் ஒன்று அவற்றில் கட்டாயம் இருக்கட்டும். அவர் தட்டச்சு செய்தாரா, ‘அது அடுத்த பதிப்பில் வரும்’ என்றாரா என்று கவனியுங்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு சேர்ந்த பிபிஎம் வாங்கலாமா?

பில்லைப் படித்துப் படிவத்தை நிரப்பட்டும். பணத்துக்கு ஒப்புதல் தர விடாதீர்கள்.

கேள்வி: டாலியிலேயே எல்லாம் செய்யலாமே?

மேலே இருக்கிறது.

கேள்வி: வணிக மேலாண்மை படிக்கிறேன். எதைக் கற்பது? (மாணவி, அழகப்பா பல்கலைக்கழகம்)

பிபிஎம்என் வரையக் கற்றுக்கொள்ளுங்கள். பிபிஎம்என் ஐஓ தளத்தில் இலவசமாக வரையலாம். வட்டம், கட்டம், சாய்சதுரம், அம்புக்குறி என்று சிலவற்றிலேயே பெரும்பாலான வேலை முடிந்துவிடும். பிறகு ஊரில் ஒரு கடைக்குப் போய், அவர்கள் வேலையை நாள் முழுக்கப் பார்த்து வரைந்து, வேலை செய்பவர்களிடமே காட்டித் திருத்தம் வாங்குங்கள். இதைச் செய்யத் தெரிந்தவர்கள் இந்த வட்டாரத்துக்கு அவசரமாகத் தேவை. படித்து முடித்ததும் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: பழைய வீட்டை விடுதியாக நடத்துகிறோம். மென்பொருள் வாங்கி மாதங்கள் ஆகின்றன. பணியாளர்கள் நோட்டில்தான் எழுதுகிறார்கள். (கானாடுகாத்தான்)

அந்த நோட்டை வாங்கிப் படியுங்கள். திரையில் இல்லாத ஏதோ ஒன்றை அவர்கள் அதில் எழுதுகிறார்கள்: விருந்தினர் காரம் குறைவாகக் கேட்டார், மீன் வண்டி தாமதம் என்பது போல. அதற்குத் திரையில் இடம் உண்டாக்குங்கள். திரைச் சொற்களைத் தமிழில் மாற்றுங்கள். சமையலறைக் கொள்முதல் ஒன்றை மட்டும் எடுத்து, ஒரு மாதம் நோட்டும் திரையும் சேர்ந்தே ஓடட்டும். பின் நாள் குறித்து, முன்கூட்டியே சொல்லி, நோட்டை நிறுத்துங்கள். டிசம்பர், ஜனவரியில் தொடங்காதீர்கள். அறைகள் நிறைந்திருக்கும்போது யாருக்கும் கற்க நேரம் இருக்காது. மே மாதம் ஏற்றது.