கையால் தீட்டிய கலர், கம்ப்யூட்டரில்

வாசகர் கேள்வி பதில்: படமும் கணினியும்

கேள்வி: எங்கள் வீட்டுக் கூடத்தில் தாத்தா, பாட்டி கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கும்பகோணத்து ஸ்டூடியோவில் கையால் கலர் தீட்டியது. இப்போது பாதிச் சாயம் போய்விட்டது. அத்தை வீட்டில் கலர் போடாத இன்னொரு பிரதி கிடைத்தது. அதை ஸ்கேன் செய்து போட்டோஷாப்பில் கலர் கொடுத்தால் பழைய படத்தின் மென்மை வரவில்லை, போஸ்டர் மாதிரி இருக்கிறது. எங்கே தப்பு?
- வாசகி, திருவிடைமருதூர்

பதில்: கலரில் தப்பில்லை, பிளெண்ட் மோடில்தான் (மேல் லேயர் அடியில் இருக்கும் படத்தோடு கலக்கும் விதம்) தப்பு. லேயரை ‘கலர்’ மோடில் வைத்திருப்பீர்கள். பாடம் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த மோட் அடிப்படத்தின் வெளிச்ச அளவை அப்படியே விட்டுவிட்டு, சாயலையும் செறிவையும் மட்டும் மேல் லேயரிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதனால் வெளுத்த இடத்தில் எவ்வளவு தீட்டினாலும் அது வெள்ளையாகவே நிற்கும். புடவை மடிப்பின் இருட்டிலோ சாயம் அப்பிக்கொள்ளும். கையால் தீட்டிய படத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். ஸ்டூடியோக்காரர் பஞ்சில் தொட்டு ஒற்றியது கண்ணாடி போல ஒளி ஊடுருவும் சாயம். வெளிச்சம் அதற்குள் புகுந்து, தாளில் பட்டு, மறுபடி அதே சாயத்தின் வழியாக வெளியே வருகிறது. தாள் வெளுத்த இடத்தில் கலர் பளிச்சென்று தெரியும். வெள்ளித் துகள் அடர்ந்து கறுத்த இடத்தில் எந்தக் கலரும் தெரியாது. இந்தக் கணக்கைப் போடும் மோட் ‘மல்டிப்ளை’.

இனி முதலிலிருந்து. கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்யாதீர்கள். 600 டிபிஐ, கலர், சேனலுக்கு 16 பிட், டிஃப் ஃபைல். ஸ்கேனரின் ஷார்ப்பனிங், தூசி நீக்கம் இரண்டையும் அணைத்துவிடுங்கள். கலரில் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் கறை. கலர் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனலாகப் பதிகிறது. பழைய தாளின் மஞ்சள் கறை நீல சேனலில்தான் கறுப்பாக விழும், சிவப்பு சேனலில் ஏறக்குறைய காணாமல் போய்விடும். ‘சேனல் மிக்சர்’ லேயரில் மோனோகுரோமை டிக் செய்து சிவப்பு 100, மற்ற இரண்டும் 0 என்று வையுங்கள்; பாதி ரீடச்சிங் வேலை அங்கேயே முடிந்துவிடும். படத்தின் ஓரங்களில் நீலமாக மினுங்கும் வெள்ளிப் படலம் இருந்தால் அதுவும் இந்தச் சேனலில் குறைவாகத் தெரியும்.

அதன்மேல் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு கர்வ்ஸ் லேயர். நடுப்புள்ளி 128ஐ 150க்குத் தூக்குங்கள், ஏனென்றால் மல்டிப்ளை எப்போதும் இருட்டாக்கும். அந்த இழப்பை முன்கூட்டியே ஈடுகட்ட வேண்டும். அதற்கும் மேல் ஒரு கிரேடியன்ட் மேப்; இருட்டு முதல் வெளிச்சம் வரை ஒவ்வொரு அளவுக்கும் நாம் சொல்லும் நிறத்தைக் கொடுப்பது அது. கறுப்பு முனைக்கு 42–28–20, நடுவுக்கு 140–115–90, வெள்ளை முனைக்கு 244–234–212 (எண்கள் எல்லாம் சிவப்பு, பச்சை, நீலம் வரிசை). பழைய மேட் தாளில் சுத்தக் கறுப்பும் கிடையாது, சுத்த வெள்ளையும் கிடையாது. இதைச் செய்யாமல் விட்டால் பிறகு எந்தக் கலர் போட்டாலும் நேற்று எடுத்த படம் போலத்தான் இருக்கும்.

இப்போது கலர். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ‘சாலிட் கலர்’ லேயர், மோட் மல்டிப்ளை, மாஸ்க்கைக் (லேயரின் எந்த இடம் தெரியவேண்டும் என்று காட்டும் மறைப்பு) கறுப்பாக்கி வெள்ளை பிரஷ்ஷால் திறந்துகொண்டே போவது. முகம், கை, கால் எல்லாவற்றுக்கும் ஒரே நிறம்: 250–214–184, ஒபாசிட்டி 65. கன்னத்துக்குத் தனி லேயர், 235–120–120, ஓரம் முழுக்க மென்மையான பிரஷ், ஃப்ளோ 5. நாலைந்து ஒற்று போதும். உதட்டுக்கு 200–60–70, ஒபாசிட்டி 50.

புடவையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பாட்டி கட்டியிருப்பது அரக்குத் திருபுவனம் பட்டு என்று வைத்துக்கொள்வோம். அசல் அரக்கு நிறத்தையே எடுத்துப் போட்டால் புடவை தார் பூசியது போல ஆகிவிடும். துணியின் இருட்டு ஏற்கெனவே போட்டோவில் இருக்கிறது. அதை இரண்டாம் தடவை போடுகிறீர்கள். அதே சாயலில் வெளிறிய நிறம்தான் எடுக்க வேண்டும். அரக்குக்கு 205–95–95, மயில்கழுத்துக்கு 90–165–190, இலைப்பச்சைக்கு 140–190–120. அப்படியும் புடவை கறுப்பாகவே கிடந்தால் படம் ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமில் எடுத்ததாக இருக்கும். அந்த பிலிமுக்குச் சிவப்பு தெரியாது, அரக்கும் குங்குமமும் கறுப்பாகத்தான் பதியும். புடவையின் மாஸ்க்கைப் பிரதி எடுத்து, சாயத்துக்குக் கீழே இன்னொரு கர்வ்ஸில் 60ஐ 95க்கு உயர்த்துங்கள். சாயம் உட்கார இடம் கிடைக்கும்.

மாஸ்க்கின் ஓரம் கத்தி போல இருக்கக்கூடாது. 600 டிபிஐயில் 5 அல்லது 6 பிக்சல் காசியன் பிளர், அதாவது கால் மில்லிமீட்டர். பிறகு மாஸ்க்கை மட்டும் 3 பிக்சல் ஒரு பக்கமாக நகர்த்திவிடுங்கள். புடவைச் சிவப்பு கொஞ்சம் வேட்டியில் சிந்தினால் சிந்தட்டும், கை வேலை அப்படித்தான் இருக்கும்.

நகை மட்டும் மல்டிப்ளை அல்ல. தோடு, மூக்குத்தி, ஒட்டியாணம், சரிகைக்கரை இவற்றுக்குச் சாயம் ஒற்றுவதில்லை. ஒளி புகாத மஞ்சள் பெயின்ட்டை நுனித்தூரிகையால் புள்ளி வைப்பார்கள். எனவே நார்மல் மோடில் ஒரு லேயர், 222–178–70, 10 பிக்சல் பிரஷ், ஹார்ட்னஸ் 80. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தீட்ட வேண்டாம், நாலு கண்ணிக்கு ஒரு புள்ளி. அதன்மேல் ஒரே ஒரு வெளிர்ப் புள்ளி, 255–248–215, மூக்குத்திக் கல்லுக்கு.

கடைசியில் படம் முழுக்க கிரெய்ன் (பிலிமின் பொடித் துகள்) தூவும் பழக்கம் வேண்டாம். கிரெய்ன் போட்டோவுக்கு உண்டு, பெயின்ட்டுக்குக் கிடையாது. மல்டிப்ளையில் அடிப்படத்தின் கிரெய்ன் தானாகவே சாயத்தின் வழியே தெரியும், நகைப் புள்ளிகள் மட்டும் வழுவழுப்பாக நிற்கும். அந்த வித்தியாசம்தான் கண்ணை நம்பவைக்கிறது. பிரின்ட்டுக்கு எஸ்ஆர்ஜிபி என்ற பொதுக் கலர் அமைப்புக்கு மாற்றி, மேட் தாள் கேளுங்கள். ‘ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம்’ என்று லேபில் சொல்லாமல் வந்துவிட்டால், மெஷின் பழுப்பைக் கோளாறு என்று நினைத்து நீக்கிவிடும்.

கேள்வி: சட்டத்தைக் கழற்றினால் போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கலாமா?
- வாசகர், நாகப்பட்டினம்

பதில்: கையை எடுங்கள்! ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் போட்டோவின் ஜெலட்டின் ஊதிக் கண்ணாடியைப் பிடித்திருக்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும். ஊறவைத்தால் கையால் தீட்டிய சாயம் கரைந்து ஓடலாம். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். யூஎஸ்பி வயரிலேயே மின்சாரம் எடுக்கும் ஒல்லி ஸ்கேனர் இதற்கு ஆகாது. அதிலிருக்கும் சிஐஎஸ் சென்சார் தாள் தட்டில் ஒட்டியிருந்தால்தான் கூர்மையாக எடுக்கும், கண்ணாடியின் கனம் இடையில் வந்ததும் மங்கிவிடும். லென்ஸ் வழியாகப் படம் பிடிக்கும் சிசிடி ஸ்கேனர் வேண்டும். கிடைக்காவிட்டால் கேமரா: இரண்டு பக்கமும் 45 பாகையில் விளக்கு, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி. துணி இல்லையென்றால் படத்தில் தாத்தாவோடு நீங்களும் தெரிவீர்கள்.

கேள்வி: போட்டோஷாப் இல்லை. கிம்ப்பில் இதெல்லாம் முடியுமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: முடியும். இலவச மென்பொருளான கிம்ப்பில் 2.10 பதிப்பிலிருந்தே 16 பிட் உண்டு. சேனல் மிக்சருக்குப் பதில் ‘மோனோ மிக்சர்’. கிரேடியன்ட் மேப் கலர்ஸ் மெனுவில் மேப் என்பதற்குள் இருக்கிறது. அது நீங்கள் அப்போது தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் கிரேடியன்ட்டை எடுத்துக்கொள்ளும் என்பதால் முதலில் அந்த மூன்று நிறத்தில் ஒன்றைச் செய்து சேமியுங்கள். சாலிட் கலர் லேயருக்குப் பதில் புது லேயரைக் கலரால் நிரப்பிக் கறுப்பு மாஸ்க் சேருங்கள். 2.10இல் கர்வ்ஸ் போட்டால் பிக்சல் நிரந்தரமாக மாறிவிடும், ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் லேயரைப் பிரதி எடுத்துக்கொள்வது நல்லது. 2025 மார்ச்சில் வந்த 3.0இல் ஃபில்டரைப் பிறகும் திருத்த முடிகிறது.

கேள்வி: குடமுழுக்கு பேனர்களுக்குத் தங்கத்தில் 3டி எழுத்து போடுவோம். புது போட்டோஷாப் ஏற்றியதும் 3டி மெனுவே போய்விட்டது. பழைய எஃபெக்ட்டை எப்படிக் கொண்டுவருவது?
- ஃபிளெக்ஸ் கடை, மயிலாடுதுறை

பதில்: 2021 ஆகஸ்டில் வந்த 22.5 பதிப்பிலிருந்து அடோபி 3டி வசதியைக் கழற்றத் தொடங்கியது. திரும்பி வரும் என்று காத்திருக்க வேண்டாம். பேனரில் எழுத்து சுழலப் போவதில்லை. கனமும் மினுக்கும்தான் தேவை, இரண்டுக்கும் 3டி அவசியமில்லை.

10க்கு 6 அடி பேனரை 72 டிபிஐயில் செய்தால் 8640க்கு 5184 பிக்சல். எழுத்து லேயரைத் தேர்ந்து, மூவ் டூலில் ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு மேல் அம்பை 40 தடவை தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பிரதி ஒரு பிக்சல் மேலே ஏறும். அவசரப்பட்டு ஷிஃப்ட் சேர்த்தால் 10 பிக்சலாகத் தாவி, பக்கவாட்டில் படிக்கட்டு தெரியும். உச்சியில் இருப்பதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் ஒன்றாக மெர்ஜ் செய்து அடர்பழுப்பு கொடுங்கள். அதுதான் எழுத்தின் கனம்.

உச்சி லேயருக்கு பெவல் அண்ட் எம்பாஸ்: இன்னர் பெவல், சிசல் ஹார்ட், டெப்த் 250, கிளாஸ் கான்டூர் ‘ரிங்’. சைஸ் எழுத்துக் கோட்டின் அகலத்தில் சரிபாதி இருந்தால் இரண்டு சரிவும் நடுவில் முகடாகக் கூடும். குறைந்தால் உச்சி தட்டையாகும். தடித்த கோடும் மெல்லிய கோடும் கலந்த எழுத்துருவில் ‘ண’, ‘ஞ’ சுழிகள் ஒரு மாதிரியும் கால்கள் வேறு மாதிரியும் நிற்பது இதனால்தான். சீரான தடிமன் உள்ள எழுத்துருவை எடுங்கள். கிரேடியன்ட் ஓவர்லேயில் மஞ்சளிலிருந்து வெள்ளைக்குப் போனால் பிளாஸ்டிக் ஆகிவிடும். 110–66–14, 255–226–130, 168–110–30, 255–244–190 என்று இருட்டும் வெளிச்சமும் மாறி மாறி வரவேண்டும். தஞ்சாவூர் ஓவியத்தில் மேடு கட்டித் தங்க ரேக்கு ஒட்டிய இடத்தைச் சாய்த்துப் பாருங்கள், இதே வரிசையில்தான் மின்னும்.

முடித்த ஃபைலை இமேஜ் சைஸில் சிறிதாக்கும்போது ‘ஸ்கேல் ஸ்டைல்ஸ்’ டிக் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் பெவல் அதே அளவில் நின்று எழுத்தை விழுங்கும். ‘கொ’, ‘கோ’ எல்லாம் கொம்பு தனியாக, கால் தனியாக உடைந்து வந்தால் அது வேறு வியாதி: பழைய பதிப்பானால் பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய்த் தெற்காசிய எழுத்துகளுக்கான தெரிவை மாற்றிவிட்டுப் புது ஃபைலில் தட்டுங்கள்.

கேள்வி: கோயில் மலருக்கு, அந்தக் கால பிரஸ்ஸில் பிளாக் (படம் பொறித்த உலோகத் தகடு) வைத்து அடித்த படம் போல ஒன்று வேண்டும். படத்தைப் புள்ளிகளாக்கும் ‘கலர் ஹாஃப்டோன்’ ஃபில்டர் சரிவரவில்லை.
- வாசகர், திருவாரூர்

பதில்: அந்த ஃபில்டர் நாலு மைக்கு நாலு கோணம் என்று செய்தது, ஒரே கறுப்பு மைக்கு அது சுற்றுவழி. படத்தை இறுதி அளவுக்கு வெட்டி, கிரேஸ்கேல் ஆக்கி, மோடில் ‘பிட்மேப்’ தேருங்கள். அவுட்புட் 1200, முறை ஹாஃப்டோன் ஸ்கிரீன், ஃப்ரீக்வென்சி அங்குலத்துக்கு 65 கோடு, கோணம் 45, வடிவம் ரவுண்ட். மறுபடி கிரேஸ்கேலுக்கு வந்து 2 பிக்சல் காசியன் பிளர், பிறகு லெவல்ஸில் இரண்டு முனையையும் நடுவை நோக்கி நெருக்குங்கள். நெருக்கும்போது நடு முனையைச் சற்று வலப்பக்கம் தள்ளினால் புள்ளிகள் தடித்து, சொரசொரப்பான தாளில் மை பரவியது போல ஆகும்.

இதற்குப் பிறகு அளவை மாற்றவே கூடாது. பக்கத்தில் வைக்கும்போது 90 சதவீதமாகக் குறைத்தாலும் புள்ளிகள் ஒன்றோடொன்று மோதி முகத்தில் கட்டம் கட்டமாக அலை ஓடும். அச்சகத்துக்கு டிஃப் ஆகவே கொடுங்கள், ஜேபெக் வேண்டாம்.