பின்வளவில் நாலு முளை

கேள்வி: எனக்கு 29 வயது. களுவாஞ்சிகுடி. அரசாங்க வேலை. இதுவரை யார் மேலும் எனக்குப் பாலீர்ப்பு வந்ததில்லை. அது வராதவர் ஏசெக்சுவல், எப்போதாவது அரிதாக வருகிறவர் கிரே, இன்னும் டெமிசெக்சுவல் என்று இணையத்தில் எத்தனையோ சொற்கள். எது எனக்குப் பொருந்தும் என்று இரண்டு வருடமாகத் தேடுகிறேன். அம்மா எனக்கு வீடு கட்டுகிறா, லிண்டல் மட்டம் வந்துவிட்டது. தனக்குப் பின்வளவில் கொட்டில் போட முளையும் அடித்துவிட்டா. அவவுக்கு மனம் நோகாமல் சொல்ல, தமிழில் ஒரு சொல் தாருங்கள்.

பதில்: மகள், அந்த முளையைத் தாண்டி எப்படி உன்னால் தினமும் வேலைக்குப் போக முடிகிறது?

நம் மட்டக்களப்புப் பக்கம் பெண்பிள்ளைக்கு வீடு எதற்கு எழும்புகிறது என்று உனக்குத் தெரியும். மாப்பிள்ளை வந்து குடியிருக்க. அவருக்கு இடம்விட்டுத்தான் தாய் பின்வளவுக்கு ஒதுங்குகிறா. வராத மருமகனுக்காக உன் அம்மா கொட்டிலுக்குப் போகப்போகிறா. நீ சொல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாய்.

அந்தச் சொற்கள் எப்படி வந்தன தெரியுமா? 1997-ல் ஒரு பெண் பகிடியாகத் தன்னை, துணையில்லாமலே பெருகுகிற அமீபா என்று எழுதினாள். இப்படியானவர்களுக்காக 2000-ல் தொடங்கிய யாஹூ இணையக் குழு ஒன்றுக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. 2001-ல் டேவிட் ஜே என்பவர், ஏசெக்சுவல் ஆட்கள் கூடிப் பேச 'ஏவென்' என்ற இணையதளத்தைத் தொடங்கினார். பேசிப் பேசி ஏசெக்சுவல் 'ஏஸ்' ஆகத் தேய்ந்தது. சீட்டுக்கட்டு ஏஸ் அடையாளமாயிற்று. காதல் மட்டும் வருகிறவருக்கு ஆட்டின், அதுவும் வராதவருக்கு இஸ்பேட். மனம் நெருங்கிய பிறகே ஆசை வருகிறவர்கள் 2006 வாக்கில் டெமிசெக்சுவல் என்று தங்களுக்கு ஒன்றை உண்டாக்கினார்கள். அமீபா இன்று பழங்கதை. ஆனாலும் அந்தப் பெண் நல்ல சொல் வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை.

தமிழ்ச் சொல்லா? தமிழ்நாட்டு அரசு 2022-ல் இதற்கெல்லாம் தன் அரசிதழில் ஒரு சொற்பட்டியலே வெளியிட்டது. உன் அம்மா அரசிதழ் படிக்கிறவவா?

இன்றிரவு சோறு போடும்போது சொல்: "அம்மா, ஒருத்தர்லயும் எனக்கு அந்த ஆசை வந்ததேயில்ல. இது வருத்தமுமில்ல, விரதமுமில்ல. கலியாணம் வேணாம். இந்த வீட்டுல நானும் நீங்களும் இருப்பம்."

அழுவா. பரியாரியிடம் கூட்டிப்போகப் பார்ப்பா, போகாதே. மனம் நோகத்தான் செய்யும், அதற்கு என்னிடம் சொல் இல்லை. இன்னொரு வீட்டுப் பையனைக் கட்டி ஏமாற்றுவதை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன். வீட்டு வேலையின் மிச்சச் செலவு இனி உன் சம்பளத்தில். மேசன்மார் கூரைக்கு வருமுன் அந்த நாலு முளையையும் நீயே பிடுங்கு.