கசோர்லாவின் இரண்டு கால்கள்

அன்புள்ள அண்ணா,

ஸ்பெயினின் மிட்ஃபீல்டர்களைப் பற்றி எழுதும்போது, சான்டி கசோர்லாவை அந்தத் தலைமுறையின் மிக முழுமையான ஆட்டக்காரர்களில் ஒருவர் என்று போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. சாவி, இனியெஸ்டா, டேவிட் சில்வா, ஃபாப்ரிகாஸ் எல்லோருக்கும் உலகக் கோப்பை இருக்கிறது. கசோர்லாவுக்கு அதுவும் இல்லை, சாம்பியன்ஸ் லீக்கும் இல்லை. கணுக்கால் காயத்தால் வந்த அனுதாபம்தான் அவரைப் பெரிய ஆளாகக் காட்டுகிறதோ என்று தோன்றுகிறது. சொந்த ஊர் கிளப்புக்குக் குறைந்த சம்பளத்தில் திரும்பியதை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். கத்தாரில் மூன்று வருடம் சம்பாதித்துவிட்டு வருபவருக்கு அதில் என்ன இழப்பு? நான் கால்பந்து பார்க்க ஆரம்பித்ததே 2018இல்தான். அவரது நல்ல காலத்தைப் பார்க்கவில்லை. எந்த ஆட்டத்தைப் பார்க்கலாம் என்றாவது சொல்லுங்கள்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

காயத்தின் கதையை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். அது உலகம் முழுக்கச் சுற்றியதில் ஆட்டக்காரர் பின்னால் போய்விட்டார் என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு.

2013 செப்டம்பரில் சிலி அணியுடன் நடந்த நட்பு ஆட்டத்தில் வலது கணுக்காலில் அடி. அந்த வலியோடுதான் அடுத்த மூன்று வருடமும் ஆடினார். உடம்பு சூடாக இருக்கும்வரை சமாளிக்கலாம். இடைவேளையில் கால் ஆறியதும் கண்ணில் நீர் வரும் என்று பின்னால் சொன்னார். 2016 அக்டோபர் 19, பல்கேரியாவின் லுடோகோரெட்ஸுடன் ஆடியதுதான் லண்டனின் ஆர்சனல் கிளப்புக்காக அவரது கடைசி ஆட்டம். பிறகு வரிசையாக அறுவைச் சிகிச்சைகள். புண் ஆறவில்லை, கிருமி உள்ளே புகுந்து குதிகால் தசைநாணில் 8 சென்டிமீட்டர் அளவுக்குத் தின்றுவிட்டது. மகனோடு தோட்டத்தில் நடக்க முடிந்தாலே திருப்திப்பட்டுக்கொள்ளுங்கள் என்று இங்கிலாந்தில் மருத்துவர்கள் சொன்னார்கள். 2017 மே மாதம் விட்டோரியா நகரில் மிக்கேல் சாஞ்செஸ் என்ற மருத்துவர், தொடையின் பின்பக்கத் தசைநாணை எடுத்து அங்கே வைத்துச் சரிசெய்தார். புண்ணை மூட இடது முன்கையிலிருந்து தோல் எடுத்தார்கள். அந்தக் கையில் மகளின் பெயரைப் பச்சை குத்தியிருந்தார். பாதிப் பெயர் கையிலும் மீதி கணுக்காலிலுமாக நின்றுவிட்டது.

அந்தக் கணுக்காலின் புகைப்படத்தைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். மனவலிமை, நம்பிக்கை என்று பேசினார்கள். மனவலிமை இல்லாமல் இதைக் கடக்க முடியாது, சரி. ஆனால் மனவலிமை உள்ள எத்தனையோ பேர் இதைவிடச் சின்னக் காயத்தோடு ஆட்டத்தை விட்டிருக்கிறார்கள். கசோர்லா 636 நாள் கழித்து 33 வயதில் களத்துக்குத் திரும்பி, அதன் பிறகும் வருடக்கணக்காக ஆடியதற்குக் காரணம் அவர் ஆடிய விதம். எப்போதும் அவர் வேகத்தை நம்பி ஆடியவர் அல்ல. உயரம் 168 சென்டிமீட்டர். பந்து வருவதற்கு முன்பே சுற்றிலும் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்வார். பிறகு அந்த இரண்டு கால்கள்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எந்தத் தடுப்பாட்டக்காரரும் எதிராளியை அவரது பலமில்லாத காலின் பக்கம் தள்ளத்தான் பார்ப்பார். வலது காலில் கெட்டிக்காரர் என்றால் வலப்பக்கத்தை அடைத்துவிட்டு இடப்பக்கத்தைத் திறந்து விடுவார். கசோர்லாவிடம் அடைப்பதற்கு எந்தப் பக்கமும் இல்லை. கார்னர் எடுப்பதையே பாருங்கள், ஒரு முறை வலது காலால் எடுப்பார், இன்னொரு முறை இடது காலால். முதுகுப் பக்கமிருந்து ஒருவர் நெருக்கும்போது எந்தப் பக்கமாகத் திரும்புவார் என்று கடைசிவரை தெரியாது. அவருக்கே கடைசிக் கணத்தில்தான் தெரியும் என்று நினைக்கிறேன். இரண்டு காலும் சமம் என்பதால் அவர் முன்கூட்டித் தீர்மானிக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

நீங்கள் சொன்ன நால்வருக்கும் உலகக் கோப்பை உண்டு என்பது உண்மை. கசோர்லா 2010இல் முதுகுத்தண்டு வட்டு விலகியதால் போக முடியவில்லை. ஆனால் 2008, 2012 என இரண்டு யூரோ கோப்பைகளை வென்ற அணிகளில் இருந்தார். 2008 காலிறுதியில் இத்தாலியோடு கோல் இல்லாமல் முடிந்து பெனால்டிக்குப் போனபோது 23 வயதுப் பையனாக வந்து ஒன்றை உள்ளே போட்டார். முக்கியமான ஆட்டத்தில் இத்தாலியைத் தாண்ட முடியாது என்ற பழைய பயம் ஸ்பெயினுக்கு அன்றோடு தீர்ந்தது. கோப்பைக் கணக்கு இந்த விஷயத்தில் பெரிதாக எதையும் சொல்லாது என்பது என் கருத்து. ஒரே நாட்டில் ஒரே காலத்தில் அத்தனை பேர் பிறந்துவிட்டார்கள். வேறு எந்த நாட்டில் பிறந்திருந்தாலும் கசோர்லாவைச் சுற்றி ஒரு அணியையே கட்டியிருப்பார்கள்.

கிளப்புகளில் அவருக்கு வாய்த்ததும் அப்படித்தான். வில்லாரியல் ஒரு சிறு நகரத்து கிளப். 2007-08இல் அவர் ஆடிய அணி ரியல் மாட்ரிட்டுக்கு அடுத்து, பார்சிலோனாவுக்கு மேலே, இரண்டாம் இடத்தில் முடித்தது. 2011இல் மலாகா போனார். அடுத்த வருடமே அந்த கிளப் முதன்முறையாக சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்குப் போனது, ஆனால் கையில் பணம் தீர்ந்திருந்தது. 2012இல் ஆர்சனலுக்கு விற்றார்கள்.

ஆர்சனலில் 180 ஆட்டங்கள், 29 கோல்கள். 2014இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் எட்டு நிமிடத்துக்குள் ஹல் சிட்டி இரண்டு கோல் போட்டுவிட்டது. ஒன்பது வருடமாக ஒரு கோப்பையும் இல்லாத அணி அது. 17ஆவது நிமிடத்தில் தூரத்தில் ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. கசோர்லா வலது காலால் அடித்தது கோலின் மேல் மூலையில் போய் இறங்கியது. கோல் கீப்பரின் கை பட்டும் நிற்கவில்லை. கூடுதல் நேரத்தில் ஆர்சனலின் ராம்சி போட்ட வெற்றிக் கோல்தான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அந்த ஃப்ரீ கிக் உள்ளே போகாமல் இருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும்.

அப்புறம், குறைந்த சம்பளத்தில் திரும்பியதில் என்ன இழப்பு என்ற உங்கள் இன்னொரு கேள்வி. நியாயமான கேள்விதான், ஆனால் ஒவியெதோவின் கதை தெரிந்தால் அது வேறு மாதிரித் தெரியும். கசோர்லா அஸ்துரியாஸ் மாநிலத்தில், ஒவியெதோ நகரத்தை ஒட்டிய யானேராவைச் சேர்ந்தவர். ரியல் ஒவியெதோவின் இளையோர் அணிகளில் வளர்ந்தவர். அந்த கிளப் 2001இல் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. 2003இல் களத்தில் தோற்று ஒரு படி, ஆட்டக்காரர்களுக்குச் சம்பள பாக்கி வைத்ததற்காக இன்னொரு படி என ஒரே கோடையில் நான்காம் டிவிஷனில் விழுந்தது. நகர நிர்வாகமே கைவிட்டு வேறொரு கிளப்பை ஆதரித்தது. 18 வயதில் கசோர்லா வில்லாரியல் போனது அந்தக் கோடையில்தான். சொந்த ஊரின் முதல் அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

2012இல் கிளப் மறுபடி மூடும் நிலைக்கு வந்தது. பங்கு ஒன்று 10.75 யூரோ என்று விற்றார்கள். உலகத்தின் பல மூலைகளிலிருந்து முன்பின் தெரியாதவர்கள் வாங்கினார்கள். அங்கே வளர்ந்து வெளியே போன கசோர்லா, மாட்டா, மிச்சு ஆகியோரும் வாங்கினார்கள். மெக்சிகோ கோடீஸ்வரர் கார்லோஸ் ஸ்லிம்மின் பணமும் வந்தது. கிளப் பிழைத்தது.

2023 ஆகஸ்டில் 38 வயதில் திரும்பினார், இரண்டாம் டிவிஷனுக்கு. சும்மா ஆடத் தயாராக இருந்தார். விதிப்படி அது கூடாது என்பதால் அந்த டிவிஷனின் குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கையெழுத்திட்டார். தன் பெயர் போட்ட சட்டை விற்பனையில் 10 சதவீதம் கிளப்பின் இளையோர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று கேட்டு வாங்கினார். பணம் அவருக்கு இழப்பில்லை என்பது சரி. நான் மதிப்பது, இரண்டாம் டிவிஷனின் 42 ஆட்டப் பருவத்துக்குள் அந்தக் கணுக்காலோடு வந்ததை. ஒரு வழியனுப்பு ஆட்டம் ஆடிவிட்டுக் கையசைத்துப் போயிருக்கலாம். முதல் பருவத்தில், முதல் டிவிஷனுக்கு ஏறுவதற்கான பிளே-ஆஃப் இறுதியில் எஸ்பான்யோலிடம் தோற்றார்கள். அப்போதும் விட்டுவிட்டுப் போகவில்லை.

2025 ஜூன் 21, மறுபடி பிளே-ஆஃப் இறுதி. மிராந்தேஸ் முதல் ஆட்டத்தில் 1-0 என்று ஜெயித்திருந்தது. இரண்டாவது ஆட்டம் ஒவியெதோவில் நடந்தது, அதிலும் மிராந்தேஸே முதல் கோல் போட்டது. 39ஆவது நிமிடத்தில் பெனால்டி. நாற்பது வயது கசோர்லா பந்தை எடுத்து வைத்து அடித்தார். கூடுதல் நேரத்தில் 3-1. 24 வருடம் கழித்து ஒவியெதோ முதல் டிவிஷனான லா லிகாவுக்குத் திரும்பியது. இதை அனுதாபக் கதை என்று ஒவியெதோக்காரர் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள்.

எந்த ஆட்டத்தைப் பார்ப்பது? 2015 ஜனவரி, மான்செஸ்டர் சிட்டியின் மைதானத்தில் ஆர்சனல் 2-0 என்று ஜெயித்த ஆட்டம். ஆர்சனலின் அப்போதைய மேலாளர் வெங்கர் அவரைப் பின்னால் இறக்கி, பந்தைப் பறிக்கும் கோக்லானின் பக்கத்தில் நிறுத்திய காலம் அது. முதல் கோல் அவரது பெனால்டி, இரண்டாவது அவர் அனுப்பிய ஃப்ரீ கிக்கில் ஜிரூ தலையால் முட்டியது. கோல்களுக்காக மட்டும் பார்க்காதீர்கள். சொந்தப் பகுதியில், பின்னால் ஆள் நெருக்கிக்கொண்டிருக்கும்போது அவர் பந்தை வாங்குகிற இடங்களைப் பாருங்கள். முடிந்தால் முழு ஆட்டத்தையும் பாருங்கள். தொகுப்பு வீடியோக்களில் இதை வெட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் 2019 ஜனவரி 3, காயத்துக்குப் பிறகு அவர் திரும்பிப் போயிருந்த வில்லாரியலும் ரியல் மாட்ரிட்டும் 2-2. நீங்கள் கால்பந்து பார்க்கத் தொடங்கிய பிறகு நடந்தது அது. இரண்டு கோலும் கசோர்லாதான், இரண்டாவதைத் தலையால் போட்டார்.