யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பல ஆண்டுகளாக இரத்த தானம் செய்கிறேன். கொடுத்துவிட்டு வருவதோடு சரி. அது யாருக்குப் போனது, உண்மையிலேயே பயன்பட்டதா என்பதெல்லாம் தெரிவதில்லை. ஒரு பை இரத்தம் எத்தனை பேருக்கு உதவும்?

பெரும்பாலும் மூன்று பேர் வரை. நீங்கள் கொடுத்ததை அப்படியே ஒருவருக்கு ஏற்றுவது இப்போது குறைவு. பையைச் சுழற்றி, சிவப்பணு, இரத்தம் உறைய உதவும் தட்டணு (பிளேட்லெட்), இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா என்று பிரித்துவிடுகிறார்கள். 2 முதல் 6 டிகிரி குளிரில் சிவப்பணு 42 நாள் வரை தாங்கும்; பிரசவத்தில் இரத்தம் இழந்த தாய்க்கு, விபத்தில் அடிபட்டவருக்கு என்று போகும். பிளாஸ்மாவை உறைய வைத்தால் ஓராண்டு இருக்கும். தட்டணுவை மட்டும் சேமிப்பது கடினம். 20 முதல் 24 டிகிரியில், ஓயாமல் ஆட்டிக்கொண்டே வைத்திருந்தாலும் பொதுவாக ஐந்து நாள்தான். கீமோ சிகிச்சையில் இருப்பவர்கள் பலர் இதை நம்பித்தான் இருக்கிறார்கள். ஆக, நீங்கள் கொடுத்த ஒரே பையில் ஒரு பங்கு இந்த வாரமே ஒருவருக்கு ஏறியிருக்கும். இன்னொரு பங்கு அடுத்த மாதம் வேறொருவருக்கு ஏறலாம்.

பயன்பட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதில் உங்கள் பங்கும் உண்டு. ஆஸ்பிரின் போட்டால், அப்போது உடம்பில் இருக்கும் தட்டணுக்கள் ஆயுள் முழுக்க முடங்கிவிடும். அதனால் இரண்டு மூன்று நாளுக்குள் ஆஸ்பிரின் சாப்பிட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சிவப்பணுவை எடுத்துக்கொண்டு, தட்டணுவை விட்டுவிடுவார்கள். இதற்காக, மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தக் கூடாது. தண்ணீர் குடிக்காமல் போய், நரம்பு சரியாகக் கிடைக்காமல் இரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்கினால், பைக்குள்ளேயே உறையத் தொடங்கலாம். 15 நிமிடத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு போன பையில் தட்டணு பிரிக்க மாட்டார்கள். போவதற்கு முன் அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள்.

பலர் செய்யத் தவறுவது ஒன்று உண்டு. கொடுத்த சில நாளுக்குள் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால், இரத்த வங்கிக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். பை எண்ணை வைத்துத் தேடி, இன்னும் ஏற்றாததை நிறுத்திவிடுவார்கள். இரத்தம் கொடுத்ததற்குச் சமமான உதவி இது என்றே சொல்வேன்.

யாருக்குப் போனது என்பதை எந்த இரத்த வங்கியும் சொல்லாது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசனுக்கு 1951இல், 14 வயதில், நெஞ்சில் பெரிய அறுவை நடந்தது. முகம் தெரியாதவர்களின் இரத்தம்தான் அவரைப் பிழைக்க வைத்தது. 1954 முதல் 2018 வரை 1,173 முறை அவர் தானம் கொடுத்தார். தாய்க்கும் சிசுவுக்கும் ஆர்எச் இரத்த வகை (பாசிட்டிவ், நெகட்டிவ்) ஒத்துப்போகாதபோது தாய்க்குப் போடும் ஆன்டி-டி ஊசிக்கு அவருடைய பிளாஸ்மா உதவியது. அதனால் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சுமார் 24 லட்சம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 1951இல் அந்தப் பையனுக்கு இரத்தம் கொடுத்தவர்களை நினைத்துப் பாருங்கள். எதில் பங்கெடுத்தோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

கேள்வி: அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றேன். நெருங்கிய நண்பர்கள் குறைவு. யாருக்கும் பெரிதாக எதுவும் செய்ததாகத் தோன்றவில்லை.

நெருங்கியவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள் ஐயா. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களை விசாரித்து, 1973இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தகவல் சொன்னவரை அப்போது அடிக்கடி சந்தித்துக்கொண்டிருந்தவர்கள் 16.7 சதவீதம்தான். மற்றவர்களுக்குச் சொன்னதெல்லாம் எப்போதோ சந்திப்பவர்கள்: பழைய சக ஊழியர், பேச்சுவாக்கில் பழக்கமானவர். காரணம் எளிது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி வெளிவட்டத்திலிருந்துதான் வரும். இத்தனை வருடம் அந்த மேசையில் எத்தனை பேருக்கு "அங்கே ஆள் எடுக்கிறார்களாம், போய்ப் பாருங்கள்" என்று சொல்லியிருப்பீர்கள்? வேலை கிடைத்தவர் எல்லோரும் திரும்பி வந்து சொல்வதில்லை.

இனியும் சொல்லலாம். ஆனால் அரைகுறையாகச் சொல்லாதீர்கள். யாரைப் பார்க்க வேண்டும், கடைசித் தேதி என்ன, உங்கள் பெயரைச் சொல்லலாமா என்ற மூன்றும் இல்லாத தகவல் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

கேள்வி: பள்ளியில் ஓர் ஆசிரியை சொன்ன ஒரு வார்த்தையால்தான் படிப்பைத் தொடர்ந்தேன். அவருக்கு எழுத ஆசை. இருபது வருடம் கழித்து எழுதினால் அசடு வழியாதா? என்னை நினைவிருக்குமா?

எழுதுங்கள் அம்மா, இந்த வாரமே. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு ஆய்வாளர்கள் 2018இல் இதையே சோதித்தார்கள். நன்றிக் கடிதம் எழுதியவர்கள், பெறுபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று மிகையாகவும், அவர் அடையப்போகும் மகிழ்ச்சியைக் குறைவாகவும் கணித்திருந்தார்கள். நடையழகு பற்றிக் கவலைப்பட்டது எழுதியவர்கள்தான். பெற்றவர்கள் அன்பைத்தான் பார்த்தார்கள்.

ஒரு பக்கம் போதும். முதல் இரண்டு வரியில் எந்த வருடம், எந்த வகுப்பு, எந்தப் பெஞ்சு என்று எழுதிவிட்டால் "நினைவிருக்கிறதா" என்று அவரைச் சோதிக்க வேண்டியிருக்காது. அடுத்து, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுங்கள். "நீங்கள் தந்த ஊக்கத்துக்கு நன்றி" என்று எழுதினால் அது எந்த ஆசிரியருக்கும் பொருந்தும்; அவர் சொன்ன வாக்கியம் அவருக்கு மட்டும்தான் பொருந்தும். அதனால் நீங்கள் என்ன செய்தீர்கள், இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பதற்கு நாலு வரி. உதவி எதுவும் கேட்காதீர்கள். கேட்டால் கடிதம் முழுவதும் அதற்கான முன்னுரையாகிவிடும். முகவரி தெரியாவிட்டால் பள்ளி அலுவலகத்துக்கு அனுப்பி, அவரிடம் சேர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நல்லது பரவுவது போல, நமக்கே தெரியாமல் கெடுதலும் பரவுமா?

பரவும். தட்டம்மை ஒன்றே போதும். தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே தொற்றும். நோயாளி எழுந்து போன அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை கிருமி இருக்கும். அதற்குள் அங்கே வந்து உட்காரும் கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போடும் வயதே ஆகியிருக்காது. சுற்றியிருப்பவர்களில் சுமார் 95 சதவீதம் பேர் தட்டம்மைத் தடுப்பூசியின் இரண்டு தவணையும் போட்டிருந்தால்தான் அந்தக் குழந்தைக்குப் பாதுகாப்பு. காய்ச்சலோடு தடிப்பும் இருந்தால் நேராக மருத்துவமனைக்குப் போய்க் காத்திருப்போர் நடுவே உட்காராதீர்கள். முதலில் போன் செய்யுங்கள். தனி வழியாக வரச் சொல்வார்கள்.