பட்டன் மாதிரி தெரிந்தால் போதுமா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஃபிக்மாவில் (டிசைன் வரையும் மென்பொருள்) வந்த பட்டனின் வடிவம் பிரவுசர் பட்டனோடு ஒட்டவே இல்லை. டிவ் (வெறும் பெட்டி டேக்) வைத்து, கிளிக் செய்தால் இயங்கும் ஆன்கிளிக் போட்டுவிட்டேன். நன்றாகத்தானே வேலை செய்கிறது?

பதில்: மவுஸுக்கு வேலை செய்கிறது. மவுஸை ஓரமாக வைத்துவிட்டு டேப் கீயைத் தட்டிப் பாருங்கள். உங்கள் 'பட்டனில்' நிற்காமல் ஃபோகஸ் (கீபோர்டு இப்போது நிற்கும் இடம்) தாண்டிப் போய்விடும். டேப்இண்டெக்ஸ் 0 கொடுத்தால் நிற்கும், ஆனால் என்டர் தட்டினால் ஒன்றும் நடக்காது. அதற்குக் கீ அழுத்துவதைக் கவனிக்கும் ஒரு கீடவுன், ஸ்பேஸுக்கு இன்னொன்று, ஸ்பேஸ் அழுத்தும்போது பக்கம் கீழே ஓடாமலிருக்க ஒரு தடுப்பு, 'இது பட்டன்' என்று ஸ்கிரீன் ரீடருக்கு (பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக்காட்டும் மென்பொருள்) சொல்ல ஒரு ரோல் என்று ஜாவாஸ்கிரிப்ட் நீண்டுகொண்டே போகும். பட்டன் டேக் இவ்வளவையும் சும்மா தருகிறது. தோற்றம்தான் தொல்லை என்றால் சிஎஸ்எஸ்ஸில் பார்டர், பேக்கிரவுண்ட், பேடிங் மூன்றையும் கழற்றிவிட்டு ஃபான்ட்டுக்கு இன்ஹெரிட் கொடுங்கள். பிறகு எந்த வடிவமும் வரும். (ஃபார்முக்குள் இருந்தால் டைப்பையும் 'பட்டன்' என்று குறிப்பிடுங்கள். இல்லையேல் தட்டியதும் சப்மிட் ஆகிவிடும்.) ஆமாம், ஃபோகஸ் வளையத்தை வரையும் அவுட்லைனை 'நன்' (எதுவுமில்லை) ஆக்கியிருந்தால் முதலில் அதை எடுங்கள். நீல வளையம் டிசைனருக்குப் பிடிக்காவிட்டால் சிஎஸ்எஸ்ஸின் ஃபோகஸ்-விசிபிளில் வேறு வளையம் வரையட்டும். வளையமே இல்லாமல் விடக் கூடாது.

கேள்வி: ஹெச்2 (இரண்டாம் நிலைத் தலைப்பு டேக்) ரொம்பப் பெரிதாக வருகிறது. ஹெச்4 போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அளவை ஃபான்ட்-சைஸில் குறையுங்கள். என்விடிஏ, ஜாஸ் போன்ற ஸ்கிரீன் ரீடர்களைப் பயன்படுத்துவோர் ஹெச் கீயைத் தட்டித் தலைப்பு தலைப்பாகத் தாவுவார்கள். 2-ஐத் தட்டினால் இரண்டாம் நிலைத் தலைப்புகள் மட்டும் வரும். உங்கள் ஹெச்4 அதில் அகப்படாது.

கேள்வி: வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்துதான் 'கிளாஸாக' இருக்கிறது என்கிறார் கிளையன்ட். எப்படிச் சமாளிப்பது?

பதில்: இங்கே டிசைன்தான் இறங்கி வர வேண்டும். சாதாரண அளவு எழுத்துக்கு டபிள்யூசிஏஜியின் (எல்லோரும் பயன்படுத்தும்படி தளம் அமைக்கும் சர்வதேச வழிகாட்டி) 'ஏஏ' நிலை கேட்கும் கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்குமான வெளிச்ச விகிதம், குறைந்தது 4.5:1. வெள்ளையின் மேல் #999999 என்ற சாம்பல் ஏறத்தாழ 2.8:1 தான் வரும். அதைவிடக் கருத்த #767676 தேறிவிடும், அதுவும் சாம்பல்தானே! இரண்டையும் போனில் திறந்து, கிளையன்ட்டை வெயிலில் நிற்கவைத்துக் காட்டுங்கள். வாதம் பாதியில் முடிந்துவிடும். தமிழ்ப் பக்கமென்றால் நான் இன்னும் கறாராக இருப்பேன், மெல்லிய ஃபான்ட்டில் மெய்யெழுத்தின் புள்ளிதான் முதலில் மறைகிறது.

கேள்வி: எங்கள் தமிழ்த் தளத்தை ஸ்கிரீன் ரீடர் உளறலாக வாசிக்கிறது. மார்க்கப் சரியாகத்தான் இருக்கிறது.

பதில்: ஹெச்டிஎம்எல் டேக்கில் லாங் (பக்கத்தின் மொழியைச் சொல்லும் குறிப்பு) என்னவென்று பாருங்கள். வாங்கிய டெம்ப்ளேட் பெரும்பாலும் 'இஎன்' (ஆங்கிலம்) என்றே வரும்; யாரும் தொடுவதில்லை. 'டிஏ' (தமிழ்) என்று மாற்றினால், கருவியில் தமிழ்க் குரல் இருக்கும்பட்சத்தில் அதற்கு மாறிக்கொள்ளும். நடுவில் வரும் ஆங்கிலப் பத்திக்குத் தனி லாங் கொடுங்கள். டிசைனருக்கும் இதில் லாபம் உண்டு: அதே லாங்கைப் பிடித்து சிஎஸ்எஸ்ஸில் தமிழுக்கு மட்டும் லைன்-ஹைட்டைக் கூட்டலாம், ஆங்கில வரிகள் இருந்தபடியே இருக்கும்.