லோவ் முனையை அடையாளம் காண்பது: கடிதம்

அன்புள்ள ஐயா,

மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில் கிடைத்த இரண்டு பழங்கால ஈட்டிக் கல்முனைகளின் படங்களைப் பார்த்தேன். ஒன்று நல்ல அகலம், இரு தோளிலும் கீழ்நோக்கிய முள். மற்றது ஒடுங்கித் துளைப்பான்போல இருக்கிறது, முள்ளே இல்லை. இரண்டுக்கும் 'லோவ்' என்றே வகைப் பெயர் போட்டிருக்கிறார்கள். எதை வைத்து?

ச., கோவை

அன்புள்ள ச.,

காம்பை, அதாவது அடிப்பகுதியை, வைத்துத்தான். முனையின் காம்பு ஈட்டித் தண்டுக்குள் கட்டுண்டு கிடக்கும். மழுங்கியபோது தீட்டியதெல்லாம் வெளியே நீண்ட அலகை மட்டுமே. பல வருடம் சாணை பிடித்த அரிவாள் மெலிந்து போனாலும் பிடி அப்படியே இருக்கிறதல்லவா? உங்கள் இரண்டாவது படத்தில் இருப்பது பெரும்பாலும் முதலாவதன் முதுமை. தீட்டத் தீட்ட அலகு ஒடுங்கும், தோள் குறையும், முள்ளும் தேய்ந்து மறையும்.

முதலில் அடியைப் பாருங்கள். லோவ் காம்பு அகலமானது, அடிநோக்கிச் சற்றே விரியும். அடியிலிருந்து மேல்நோக்கி இரு முகத்திலும் நீளமான செதில்களைப் பெயர்த்து மெல்லிதாக்கியிருப்பார்கள், தண்டின் பிளவில் இறுக்கமாக உட்கார வேண்டுமே.

அடுத்து விளிம்பு. கூர் மேலே இருக்கும்படி பிடித்து, சரிவாகச் செதுக்கிய விளிம்பு இடமா வலமா என்று குறித்துக்கொள்ளுங்கள். கூரை மேலேயே வைத்து மறுமுகத்துக்குத் திருப்பினால் சரிவு மறுபடி அதே பக்கம் வர வேண்டும். ஒரு விளிம்பை ஒரு முகத்திலும் மற்றதை மறுமுகத்திலுமாகத் தீட்டியதன் தடம் அது. அலகின் குறுக்குவெட்டு இதனால் இணைகரமாகிவிடும். ஒரு விளிம்புக்கு ஒரு முகத்தில் மட்டும் செதுக்குவதால் கல் குறைவாகவே செலவாகும், தடிமனும் மிஞ்சும். அருமையான சிக்கனம்! நேர் மேலிருந்து ஒளி விழும் படத்தில் இந்தச் சரிவு தெரியாது. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி, இரு முகத்தையும் அளவுகோலோடு எடுத்த படம் வேண்டும்.

இதே சரிவு 'சாமில்' வகையிலும் உண்டு. அது சிறியது, மெல்லியது. அதனால் சரிவை மட்டும் நம்பிப் பெயர் வைத்தால் தவறும்.

படக்குறிப்பில் காலம் கி.மு. 2500–1900 என்றிருந்தால் அது தொல்லியலாளர் தாமஸ் கெல்லி 1993-ல் வெளியிட்ட வகைப்பாட்டிலிருந்து வந்தது. அன்று கையிலிருந்தவை பெரும்பாலும் தரைமேல் பொறுக்கியவை, மண்ணடுக்குச் சான்று இல்லாதவை. தெற்கு பெலீஸின் பாறைக் குடைவுகளில் தொல்லியலாளர் கீத் ப்ரூஃபர் குழு அகழ்ந்து 2019-ல் வெளியிட்ட கரிமக் காலக்கணிப்பு, இவை அதைவிடப் பல ஆயிரம் ஆண்டுகள் பழமையானவை என்று காட்டியது. பழைய தேதி இன்னும் பல இடங்களில் திருத்தப்படாமல் கிடப்பது வருத்தம்தான்.

காம்பு உடைந்துபோன முனை கிடைத்தால் அலகு எவ்வளவு அழகாக இருந்தாலும் பெயர் வைக்காதீர்கள். 'சரிவு விளிம்பு முனை, காம்பு இல்லை' என்று எழுதி, மிஞ்சிய நீளம், அகலம், தடிமனை மில்லிமீட்டரில் குறித்து வையுங்கள்.